ஒன்பதாம் ஆணியில் அப்பா

இறந்து எட்டு மாதம் கழித்துத்தான் அப்பா முதல்முறையாக ஒரு விதியை மீறினார். மீறிய விவரம் பழுப்பு உறையில் வீடு தேடி வந்தது.

உயிரோடு இருந்தபோது அணுமின் நிலையத்தில் அவர் மேல் ஒரு புகார் கிடையாது. ஒப்பந்தக் கூலியாக உள்ளே போனவர், இருபத்திரண்டு வருஷம் கழித்து ஒப்பந்தக் கூலியாகவே வெளியே வந்தார். குழாய் துடைப்பது, சிந்தியதை அள்ளுவது, நட்டு முடுக்குவது. பொறியாளர்கள் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டுகிற இடத்துக்கு உடம்போடு போய் வருவது அவர் வேலை. உள்ளே போகிற ஒவ்வொருவர் சட்டையிலும் தீப்பெட்டி அளவில் ஒரு பேட்ஜ் இருக்கும். அதற்குள் ஒரு துண்டுப் படச்சுருள். உடம்பில் எவ்வளவு கதிர் படுகிறதோ அதைச் சுருளும் தன்மேல் வாங்கி வைத்துக்கொள்ளும். மாதம் ஒருமுறை அதைப் படித்து ஓர் எண்ணை எழுதுவார்கள். அப்பாவின் எண் இருபத்திரண்டு வருஷமும் பூஜ்யம். அதற்காக ‘கதிர் தீண்டாத ஊழியர்’ என்று ஒரு பாராட்டுப் பத்திரம்கூடத் தந்தார்கள். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோய் ஐந்து மாதம் அவர் படுத்துக் கிடந்தபோது, பத்திரம் தலைமாட்டுச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

உறையைப் பிரித்தது மகள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள், அதுவும் இயற்பியல் படிக்க. அன்றிலிருந்து தெருவில் அவள் பெயர் டிகிரி. அந்த டிகிரியை வைத்துக்கொண்டு அவள் பார்க்கிற வேலை, நகல் எடுக்கும் கடையில் மற்றவர்களின் டிகிரியை நகல் எடுப்பது.

‘தாங்கள் சென்ற மாதம் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல் இருமடங்கு கதிரைப் பெற்றுள்ளீர்கள். இது வருந்தத்தக்கது. இனி இவ்வாறு பெறாதிருக்குமாறு அறிவுறுத்தப்படுகிறீர்கள்’ என்று கடிதம் சொன்னது. விலாசமும் பேட்ஜ் எண்ணும் சரியாக இருந்தன. பின்பக்கம் முழுக்க எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் விதிகள்.

அம்மா அழுவாள் என்று டிகிரி எதிர்பார்த்தாள். அம்மா கடிதத்தைக் கையில் வாங்கினாள்.

“எந்த ஷிப்டுன்னு போட்டிருக்கா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் நான்கு மணிக்கு அடுப்பில் வெந்நீர் கொதித்தது. பகல் ஷிப்டு முடிந்து நாலரைக்கு வந்ததும் அப்பா யாரையும் தொடமாட்டார். பின்கட்டில் குளித்துவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பார். பதின்மூன்று மாதமாக ஏற்றாத அந்த வெந்நீரை அம்மா மறுபடி ஏற்றினாள். ஐந்து மணிக்கு நீர் ஆறியதும் அதிலேயே துணி துவைத்தாள். டிகிரி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் அம்மா பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

*

நிலையத்தின் பாதுகாப்பு அலுவலகத்தில் டிகிரி இறப்புச் சான்றிதழை நீட்டினாள். எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நல்ல சான்றிதழ், ஆனால் இது வேறு துறை என்றார். பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்க வேண்டுமானால் பேட்ஜை ஒப்படைக்க வேண்டுமாம். பேட்ஜ் எங்கே இருக்கிறது என்று கேட்டாள். உங்கள் அப்பாவிடம் இருக்கும் என்றார். அவர் இருக்கும் இடம் சான்றிதழிலேயே எழுதியிருக்கிறது என்றாள்.

எழுத்தர் கோபப்படவில்லை. பொறுமையான மனிதர். பேட்ஜ் மாதாமாதம் படிக்கப்படுகிறது, ஆகவே யாரோ அதை அணிந்திருக்கிறார். ஒருவருடைய பேட்ஜை இன்னொருவர் அணிய விதி இடம் தரவில்லை, ஆகவே அணிந்திருப்பவர் உங்கள் அப்பா. சிறு பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித்தருவதுபோல் ஒவ்வொரு படியாக விளக்கினார்.

“செத்துப் போனவர் எப்படி சார் வேலைக்கு வருவார்?”

“வரக் கூடாதுன்னுதாம்மா நோட்டீஸ் விட்டிருக்கோம்.”

அடுத்த மாதம் எண் மும்மடங்கானது. இந்தத் தடவை கடிதத்தோடு அறிவுரைத் தாள் ஒன்றும் வந்தது. நிறையத் தண்ணீர் குடிக்கவும், ஓய்வெடுக்கவும், குழந்தைகளைக் கட்டியணைப்பதைக் கொஞ்ச நாள் தவிர்க்கவும். மூன்றாம் நாள் நிலையத்தின் செவிலியர் ஒருவர் வந்து இறங்கினார். அப்பாவின் பெயர் ஒட்டிய சின்னக் கண்ணாடிக் குப்பியை மேசையில் வைத்து, காலையில் எழுந்ததும் முதல் சிறுநீர் வேண்டும் என்றார். அம்மா சுவரைக் காட்டினாள். செவிலியர் மாலை போட்ட அப்பாவின் படத்தைப் பார்த்தார், பக்கத்தில் பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்தார், தலையைத் தாழ்த்திக்கொண்டு படிவத்தில் ‘ஒத்துழைப்பு தர மறுத்தார்’ என்று எழுதிக்கொண்டு போனார். குப்பியை மட்டும் விட்டுவிட்டார். அம்மா அதைக் கழுவித் துடைத்துப் படத்துக்குக் கீழே வைத்தாள். பெயர் எழுதியிருந்ததால் தூக்கிப் போட மனசு வரவில்லையாம்.

*

சனிக்கிழமை சாயங்காலங்களில் வாட்ச் ரிப்பேர் கடை மாடியில் சிலர் கூடுவார்கள். அணு ஆர்வலர் வட்டம் என்று பலகை இருக்கிறது. தெருக்காரர்கள் நடக்காத காரியச் சங்கம் என்பார்கள். எரிபொருளே தீராத உலை, மேசைமேல் வைக்கிற சின்னச் சூரியன், தண்ணீரில் ஓடும் வண்டி என்று ஆளுக்கொரு கனவோடு வந்து, ஒருவர் கனவை இன்னொருவர் கிழித்துவிட்டு, டீ குடித்துக் கலைவார்கள். இயற்பியலைப் பற்றி யாராவது பேசிக் கேட்க வேண்டும் என்ற பசியில்தான் டிகிரி அங்கே போக ஆரம்பித்தாள். கல்லூரியில் கேட்டதைவிட அங்கே அதிகம் கேட்டாள், பாதி தப்பாக இருந்தாலும்.

வட்டத்துக்கு மூத்தவர் தையல்காரர். பதினாலு வருஷமாக நிற்காத சக்கரம் ஒன்று செய்துகொண்டிருக்கிறார். சைக்கிள் ரிம், காந்தம், ஈயக் குண்டு, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைச் சுழற்றிவிடுவார், ஒவ்வொரு சனிக்கிழமையும் அது நிற்கும். நின்றதும் வாட்ச்காரர் நேரம் சொல்ல, தையல்காரரே எழுந்து போய்ச் சுண்ணாம்புக் கட்டியால் சுவரில் எழுதுவார். ‘பதினோரு நிமிஷம் நாற்பது விநாடி. நின்றது.’ அந்தச் சுவர் முழுக்க அப்படித்தான். பதினாலு வருஷத்தில் ஒரு வரிகூட அவர் அழித்ததில்லை. வட்டத்துக்கு இருந்த ஒரே விதி அது. எதை வேண்டுமானாலும் நம்பலாம், அளந்ததை மாற்றக் கூடாது.

டிகிரி இரண்டு கடிதங்களையும் மேசையில் வைத்தாள். முதலில் கொஞ்சம் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். வாட்ச்காரர் தாமே செய்த கதிர் எண்ணும் பெட்டியை எடுத்துவந்து, அவள் கொண்டுவந்திருந்த அப்பாவின் சட்டை மேலும் சாப்பாட்டுத் தூக்கு மேலும் பிடித்தார். டிக். கொஞ்சம் இடைவெளி. டிக், டிக். யாரோ தயங்கித் தயங்கிக் கதவைத் தட்டுவது மாதிரி.

“இது எல்லா இடத்துலயும் தட்டறதுதான். மண்ணுலயே இருக்கு. சட்டையில ஒண்ணும் இல்லை. நல்லாக் குளிச்சிருக்கார் மனுஷன்.”

அதைக் கேட்டு அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. ஏதாவது ஒன்று மிச்சம் இருக்கும், அது இந்தப் பெட்டியில் சத்தம் போடும் என்று நினைத்துத்தான் சட்டையை மடித்து எடுத்து வந்திருந்தாள்.

*

விஷயம் சித்தப்பாவிடம் இருந்தது. அப்பாவின் தம்பி. அதே நிலையம், அதே கூட்டம், பக்கத்து ஆணி.

ஆணி என்ற சொல்லை அவர் வாயிலிருந்து பிடுங்க இரண்டு வாரம் ஆனது. வாய் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் சிவப்பாக இருந்ததை அவள் பார்த்துவிட்ட பிறகுதான் சொன்னார். அப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது, பல் ஈறில்.

பன்னிரண்டாம் அறைதான் நிலையத்திலேயே சூடு அதிகமான அறை. சூடு என்றால் கதிர். அதன் கனத்த கதவுக்கு வெளியே உடை மாற்றுகிற நடை, நடைச் சுவரில் ஒரு பலகை, பலகையில் பத்து ஆணி. உள்ளே போவதற்கு முன் ஆட்கள் பேட்ஜைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார்கள். வேலை முடிந்து வந்து எடுத்து மாட்டிக்கொள்வார்கள். அறைக்குள் போனது உடம்பு மட்டும்.

“யார் சொன்னது அப்படிப் பண்ணச் சொல்லி?”

“யாரும் சொல்லலை. எண் ஏறிட்டா அந்த வருஷம் முழுக்க கேட்டுக்கு வெளிய நிக்கணும். மேஸ்திரி சொல்வான், பேட்ஜைப் பத்திரமாப் பாத்துக்கங்கப்பா, அது நிலையத்துச் சொத்துன்னு. நாங்களும் பத்திரமாப் பாத்துக்கிட்டோம்.” சித்தப்பா கொஞ்சம் சிரித்தார். “இன்னைக்கு வரைக்கும் ஒரு பேட்ஜுக்கும் ஒரு நோவு வந்ததில்லை.”

அப்பா கடைசியாக அறைக்குள் மயங்கி விழுந்த அன்று, நாலு பேர் தூக்கி நேராக வாசலுக்குக் கொண்டுபோனார்கள். பேட்ஜ் ஒன்பதாம் ஆணியிலேயே நின்றுவிட்டது. ஒருத்தருக்கும் அதை எடுக்க மனசில்லை. சுருள் மாற்றுகிறவர் மாதாமாதம் வருவார், தொங்குகிற பேட்ஜையெல்லாம் திறந்து பழைய சுருளை எடுத்துப் புதுசு போடுவார். அவர் படிவத்தில் பேட்ஜ் எண்ணுக்குக் கட்டம் உண்டு, ஆளுக்குக் கட்டம் இல்லை.

அடுத்த சனிக்கிழமை இதைச் சொல்லி முடித்ததும் வாட்ச்காரர் கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். 

“மத்தவங்க பேட்ஜ் அந்த ஆணியில ஒரு நாளைக்கு அரை மணி நேரம் தொங்கும். உங்க அப்பாது இறங்கறதே இல்லை. ராத்திரி பகலா மாசம் முழுக்க அங்கயே இருக்கு. பதினொரு மாசம் பூஜ்யம் காட்டினது இப்ப ரெண்டு மாசமா காட்டுதுன்னா, கதவு கசியுதும்மா. வெளிய வருது.”

தையல்காரர் டீயைக் கீழே வைத்தார். “அந்த நடையில உட்கார்ந்துதானே சாப்பிடுவாங்க?”

அங்கேதான் சாப்பிடுவார்கள். சுத்தமான இடம் என்று மஞ்சள் கோடு போட்டிருக்கிறது. வருகிற வாரம் போய் அதற்கடுத்த திங்கட்கிழமை உலையை நிறுத்தி வருடாந்திரப் பராமரிப்பு ஆரம்பம். மூன்று வாரம், சித்தப்பாவும் இன்னும் ஏழு பேரும் பன்னிரண்டாம் அறைக்கும் அந்த நடைக்கும் இடையில்தான் கிடப்பார்கள். இடைவேளையில் அங்கேதான் சாய்ந்து தூங்குவார்கள்.

போகாதே என்று டிகிரி சித்தப்பாவிடம் சொல்லிப் பார்த்தாள். நான் போகாவிட்டால் என் ஆணியில் வேறொருத்தன் மாட்டுவான் என்றார் அவர். கெஞ்சினாள், கத்தினாள். அண்ணன் இருபத்திரண்டு வருஷம் போன இடம் என்று அதற்கும் ஒரு பதில் வைத்திருந்தார், ஏதோ அது குடும்பச் சொத்து மாதிரி. அப்புறம் ஆணியைப் பற்றி வெளியே மூச்சு விட்டுவிடாதே, எட்டுப் பேர் பிழைப்பு போய்விடும் என்று அவளிடமே கெஞ்சினார். அப்பாவுக்கு வந்த மூன்றாவது உறை விசாரணைக்கான அழைப்பு. பராமரிப்புக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலை பத்து மணி. நேரில் வரவும், தொழில்நுட்ப உதவிக்கு இருவரை அழைத்து வரலாம்.

கடை வழக்கப்படி டிகிரி அதற்கும் நகல் எடுத்தாள், இரண்டு பக்கமும். பின்பக்கப் பொடி எழுத்து மங்கலாக விழுந்தது. அரைகுறை நகல் கொடுத்துப் பழக்கமில்லாததால் பெரிதாக்கி இன்னொன்று எடுத்தாள். பக்கம் சூடாக வெளியே வரும்போது முதல்முறையாக அதைப் படித்தாள். முப்பத்தோராவது விதியை இரண்டு தடவை படித்தாள்.

*

விசாரணை அறையில் நீள மேசைக்குப் பின்னால் ஐந்து பேர். எதிரில் அப்பாவுக்கு ஒரு நாற்காலி, முன்னால் ஒரு தண்ணீர்த் தம்ளர், மூடி போட்டு. டிகிரி, வாட்ச்காரர், தையல்காரர் மூவருக்கும் பக்கத்தில் பெஞ்சு. ஊழியர் ஒருவர் கதவைத் திறந்து வராந்தாவைப் பார்த்து அப்பாவின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். நல்ல கணீர்க் குரல். கூடத்தில் மோதி அந்தப் பெயர் திரும்பி வந்தது. அப்பாவின் முழுப்பெயரை அவ்வளவு மரியாதையாக யாரும் கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. மேஸ்திரிக்கு அவர் “ஏய்”, சம்பளச் சீட்டில் ஓர் எண்.

“ஆஜராகவில்லை,” என்று பதிவு செய்துகொண்டார்கள்.

தலைவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார். இந்த நிலையத்தில் பாதுகாப்பு எப்படிப்பட்டது தெரியுமா, அசம்பாவிதம் என்ற சொல்லுக்குப் படிவத்தில் இடமே விடவில்லை, இடமே இல்லாத ஒன்று எப்படி நடக்கும் என்று கேட்டார். மற்ற நால்வரும் தலையாட்டினார்கள். ஆகவே தவறு செய்தவர் ஊழியர்தான், அவருடைய வீட்டார் என்ன சொல்ல விரும்புகிறார்கள் என்றார்.

டிகிரி எழுந்தாள். சித்தப்பாவின் முகம் மனசில் வந்தது. சிவப்பாகத் துப்பிய தண்ணீரும் வந்தது. அப்பா இறந்துவிட்டார், பேட்ஜ் ஆணியில் தொங்குகிறது, கதவு கசிகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

மேசைக்குப் பின்னால் ஒரு கலவரமும் இல்லை. ஆணி என்றதும் தலைவர் புன்னகைத்தார்.

“இங்க பாரும்மா. பேட்ஜைக் கழற்றி மாட்டறதை ஏழாவது விதி தடை செய்யுது. தடை செஞ்சிருக்கறதால அப்படி ஒண்ணு நடக்கறதில்லை. தவிர, நேத்து அந்தப் பகுதி வரைபடத்தையே வரவழைச்சுப் பார்த்தோம். அதுல ஆணியே இல்லை.”

“போய்ப் பார்த்தீங்களா சார்?”

“வரைபடம் இருக்கும்போது எதுக்கும்மா போகணும்?”

கதவு விஷயத்தில் அவர் இன்னும் உறுதியாக இருந்தார். அந்தக் கதவுக்கு நாற்பது வருஷச் சான்றிதழ் இருக்கிறது, இன்னும் ஒன்பது வருஷம் பாக்கி, அதுவரை கசிய அதற்கு அனுமதி கிடையாது. வாட்ச்காரர் மெதுவாக எழுந்து, ஒரு புதுப் பேட்ஜை அதே இடத்தில் ஒரு மாதம் மாட்டிப் பார்க்கலாமே, என் பெட்டியைக்கூடத் தருகிறேன் என்றார். அனுமதியில்லாத கருவியில் வருகிற எண் எண்ணே ஆகாது என்றார்கள். தலைவருக்கு அப்போதுதான் இவர்கள் யார் என்று நினைவு வந்தது. கையிலிருந்த தாளைப் பார்த்து, உங்களில் யாரோ நிற்காத சக்கரம் செய்கிறாராமே என்று கேட்டார். ஐந்து பேரும் சிரித்தார்கள்.

தையல்காரர் எழுந்தார். கழுத்தில் அளவு நாடா தொங்கியது, கழற்ற மறந்து வந்திருந்தார்.

“நான்தானுங்க. பதினாலு வருஷமா செய்யறேன். இதுவரைக்கும் நின்னுக்கிட்டுத்தான் இருக்கு. தண்ணியில ஓடற வண்டியை நம்பறேன், மேசை மேல சூரியன் வரும்னும் நம்பறேன். எங்க சங்கத்துல நம்பாத விஷயமே கிடையாது. ஆனா செத்த மனுஷன் ஷிப்டுக்கு வர்றார்னு யாராவது வந்து சொன்னா, அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிடுவோமுங்க.”

“அது உங்க பயிற்சிக் குறைவு,” என்றார் தலைவர்.

பிறகு குழு தீர்மானத்துக்கு வந்தது. கதவு கசியவில்லை. ஆணி இல்லை. எண் இருக்கிறது. ஆகவே ஊழியர் அறைக்குள் போயிருக்கிறார். உடல்நிலை காரணமாக அவர் போயிருக்க முடியாது என்று வீட்டார் சொல்வதைக் குழு அனுதாபத்தோடு கேட்டது, ஆனால் பேட்ஜ் ஒப்படைக்கப்படாததால் அவர் பணியில்தான் இருக்கிறார். அளவுக்கு மீறிய ஆர்வத்தால் ஓய்வு நேரத்திலும் அறைக்குள் போய்வந்ததாகத் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷ நற்பெயரைக் கருதி வேலைநீக்கம் செய்யாமல் கண்டனத்தோடு விடப்படுகிறார். இதைத் தலைவர் வாசித்தபோது குரலில் ஒரு பெருந்தன்மை இருந்தது.

  அந்தக் காலி நாற்காலியை டிகிரி பார்க்காமல் இருக்க முயன்றாள். அப்பா அதன் நுனியில், முழுசாக உட்கார்ந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களோ என்று ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அப்படித்தான் உட்காருவார்.

“எழுத்துல தருவீங்களா சார்? முத்திரையோட?”

தாராளமாகத் தந்தார்கள். ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள். மை காயும்வரை காத்திருந்து, மடித்துப் பைக்குள் வைத்து, பெரிதாக்கிய நகலை அவள் வெளியே எடுத்தாள்.

“உங்க விதி முப்பத்தொண்ணு சார். நோட்டீஸுக்குப் பின்னாடி நீங்க அடிச்சதுதான். ‘ஊழியர் எவரேனும் ஓர் இடத்தில் அளவு மீறிக் கதிர் பெற்றதாகக் குழு தீர்மானித்தால், அவ்வூழியர் நேரில் ஆஜராகிக் கையெழுத்திட்ட வாக்குமூலம் அளிக்கும்வரை, அவ்விடமும் அதன் முன்பகுதியும் பூட்டி முத்திரை வைக்கப்படும். எவரும் நுழையலாகாது.’”

 குழுவில் ஒருவர் தலைவர் காதில் என்னவோ சொன்னார்.

“அம்மா, அவர்தான் இறந்துட்டாரே,” என்றார் தலைவர்.

“அப்ப எண் எங்கிருந்து சார் வந்தது?”

அவர் வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் கதவு இருந்தது, நாற்பது வருஷச் சான்றிதழ் இருந்தது, அதில் கையெழுத்துப் போட்ட அவர் பெயரும் இருந்தது. வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி மட்டும் சுற்றியது. தையல்காரர் பழக்க தோஷத்தில் நிமிர்ந்து அது எப்போது நிற்கும் என்று பார்த்தார்.

“முத்திரை வைங்க,” என்றார் தலைவர், யாரையும் பார்க்காமல்.

*

திங்கட்கிழமை பன்னிரண்டாம் அறைக்கும் நடைக்கும் சேர்த்து அரக்கு வைத்தார்கள். சித்தப்பாவையும் மற்ற ஏழு பேரையும் வேலிக்கு வண்ணம் பூச அனுப்பினார்கள். ஆணியைக் காட்டிக்கொடுத்ததற்காக அவர் பத்து நாள் டிகிரியோடு பேசவில்லை. ஆணியே இல்லை என்று குழு எழுதிவிட்டதால் யாருக்கும் தண்டனை இல்லை என்று புரிந்த பிறகு, ஒரு சாயங்காலம் கையெல்லாம் பச்சை வண்ணத்தோடு வந்து தின்பண்டப் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டுப் போனார். ஈறில் ரத்தம் நிற்கவில்லை. கூடவும் இல்லை.

அப்பாவின் பதிவேட்டை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. கேட்டு எழுதியதற்கு நகல் மட்டும் அனுப்பினார்கள். உயிரோடு இருந்தவரை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம் என்று பக்கம் பக்கமாக. செத்த பிறகுதான் எண்கள். அந்தச் சனிக்கிழமை அதைச் சங்கத்துக்கு எடுத்துப்போனாள். வாட்ச்காரர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

“அளக்காததைப் பூஜ்யம்னு எழுதறது பெரிய பொய்,” என்றார். “அளக்கலைன்னுல்ல எழுதணும்.”

தையல்காரர் சுண்ணாம்புக் கட்டியை அவளிடம் நீட்டினார். பதினாலு வருஷத்தில் வேறு யாரிடமும் அதைக் கொடுத்ததில்லை. நின்றது, நின்றது, நின்றது என்று நிறைந்திருந்த சுவரில் ஓர் ஓரம் இடம் இருந்தது. அவள் எழுதினாள். ‘அப்பா. இருபத்திரண்டு வருஷம். அளக்கவில்லை.’

விசாரணை மட்டும் முடியவில்லை. வாக்குமூலம் பாக்கி இருப்பதால் மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை குழு கூடியாக வேண்டும். டிகிரி கடைக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுப் போவாள். நாற்காலி போடுவார்கள், மூடி போட்ட தம்ளரில் தண்ணீர் வைப்பார்கள். அப்பாவின் பெயரை மூன்று தடவை கூப்பிடுவார்கள். ஆஜராகவில்லை. வீடு திரும்பினால் அம்மா வெந்நீர் அடுப்பிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்பாள், “வந்தாரா?” இல்லை என்பாள். “வருவார், வருவார். வேலையை விட்டுட்டு வரணுமில்ல,” என்பாள் அம்மா. அவள் விளையாட்டாகச் சொல்கிறாளா என்று டிகிரி இன்னும் கேட்கவில்லை.

குழுவில் அதே ஐந்து பேர்தான், ஆனால் முன்போல் இல்லை. முதல் இரண்டு மாதம் பெயர் கூப்பிடும்போது கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தவர்கள், இப்போது கையை மேசைமேல் வைத்துக்கொண்டு கதவையே பார்க்கிறார்கள். செத்தவர் வேலைக்கு வருகிறார் என்று ஒவ்வொரு மாதமும் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டியிருக்கிறது. போட்டுப் போட்டு, அது எங்கேயோ உள்ளே இறங்கிவிட்டது. தலைவர் ரொம்ப இளைத்திருந்தார். நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள் என்று ஊழியரிடம் ஒருமுறை மெல்லச் சொன்னார்.

ஆறாவது விசாரணையில் மூன்றாம் தடவை பெயர் கூப்பிட்டு ஓய்ந்த நேரத்தில், வராந்தாவில் காலடிச் சத்தம் கேட்டது. மெதுவான, கொஞ்சம் தேய்த்து நடக்கிற நடை. கதவுக்கு வெளியே வந்து நின்றது. கைப்பிடி திரும்பியது. கதவு திறந்தது.

டீ கொண்டுவருகிற அம்மாள். இரண்டு கையிலும் தட்டு இருந்ததால் கதவை முழங்கையால் திறந்திருந்தாள்.

உள்ளே ஐந்து பேரும் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். தலைவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கைகளை உடம்போடு ஒட்டிவைத்துக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் மிரண்டுபோய் வாசலிலேயே நின்றாள். யாரும் உட்காரவில்லை.

டிகிரி அந்தக் காலி நாற்காலியைப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் அப்பா அந்த நிலையத்துக்குள் வந்தபோது ஒருத்தரும் இருக்கையை விட்டு அசைந்ததில்லை.